பவுணை அடகு வைத்துப் பவுண் வாங்கலாமா?

கேள்வி: நான் அரச பாடசாலை ஆசிரியை. சீனக்குடாவில் இருக்கிறோம். மகனுக்கு 16 வயது, இம்முறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறான். விமானப்படையின் பயிற்சி விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த பிள்ளை. இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி, பரீட்சை முடிந்ததும் ஒரு மாதம் தன்னோடு வந்து நின்று, பக்கத்துக் கிளப்பில் கிளைடர், அதாவது இயந்திரமில்லாத விமானம், ஓட்டப் பழகட்டும் என்கிறார். தங்குமிடமும் சாப்பாடும் அவர் பொறுப்பு. டிக்கெட், விசாவுக்கு 3 லட்சம் வேண்டும். ஒரு பறப்புக்கு 15 பவுண் வரை வருமாம், தனியே ஓட்டும்வரை 1,000 பவுண் போதும் என்கிறார், அது 4 லட்சத்துக்கு மேல். என்னிடம் 9 லட்சம் நிலையான வைப்பு, விரைவில் கைக்கு வரும் சீட்டுக் காசு இரண்டரை லட்சம், 8 பவுண் நகை இருக்கின்றன. சம்பளத்தில் மாதம் 15,000 மிஞ்சும். வைப்பை உடைக்கவா, நகையை அடகு வைக்கவா? பிறகு விமானி வேலைக்கு இது உதவும்தானே?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், மற்ற இரண்டும் அதில்தான் தொங்குகின்றன.

1983இல் கனடாவில் எரிபொருள் தீர்ந்து நடுவானில் இயந்திரங்கள் நின்றுபோன போயிங் 767ஐ, கிம்லி என்ற இடத்தில் பழைய விமானத் தளமொன்றில் இறக்கிய கப்டன் ரொபர்ட் பியர்சன் ஒரு கிளைடர் ஓட்டி. உங்கள் தம்பி இந்தக் கதையைச் சொல்லியிருப்பார். கதை உண்மை. ஆனால் பியர்சனுக்குச் சம்பளம் தந்தது கிளைடர் அல்ல.

கணக்கைப் பாருங்கள். கிளைடரை வின்ச் (கயிறு சுற்றும் இயந்திரம்) கயிற்றால் இழுத்து மேலே விட்டால், ஏறுகாற்று கிடைக்காத நாளில் ஐந்தாறு நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும். 60 தடவை பறந்தாலும் மொத்தம் ஆறு மணித்தியாலம்தான், அதுவும் பெரும்பாலும் பயிற்றுநரோடு. வணிக விமானி உரிமத்துக்குச் சாதாரணமாக 200 மணித்தியாலம் வேண்டும். கிளைடரில் தானே பொறுப்பேற்று ஓட்டிய நேரத்தில் பத்தில் ஒரு பங்கை, அதுவும் 10 மணித்தியாலத்துக்கு மேற்படாமல், ஐரோப்பிய விதிகள் தனியார் விமானி உரிமத்துக்குக் கழித்துத் தருகின்றன. உங்கள் மகனுக்கு அது கிடைத்தாலும் சில நிமிடங்கள்தான். ஆகவே இது முதலீடு அல்ல, பொழுதுபோக்கு.

பொழுதுபோக்கு என்றதும் வேண்டாம் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோணேசர் கோயில் மலையில் கடற்காற்று பாறையில் மோதி மேலே கிளம்பும்போது செம்பருந்து சிறகடிக்காமலே உயர்கிறதே, அது ஏன் என்று பிள்ளை தன் கையாலேயே அறிந்து வருவான். கிளப்புகளில் பயிற்றுநர்கள் பெரும்பாலும் காசு வாங்காத தொண்டர்கள். கிளைடரைத் தள்ளுவது, இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவது எல்லாம் உறுப்பினர் வேலை. பதினாறு வயதில் அது நல்ல பள்ளிக்கூடம். வயதும் தடையில்லை, அங்கே 14இலேயே தனியே ஓட்ட விடுகிறார்கள். இதற்கு ஒரு விலை கொடுக்கலாம். 7 லட்சம் உங்கள் நிலையில் கொடுக்கக்கூடிய விலை அல்ல.

தங்கப் பவுணை வைத்து இங்கிலாந்துப் பவுண் வாங்கும் யோசனையை இன்றே விடுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை நீங்களும் பார்த்தீர்கள். அப்படியொரு நேரத்தில் வீட்டைக் காப்பது அந்த 8 பவுண்தான். வைப்பையும் உடைக்க வேண்டாம். தவணைக்கு முன் எடுத்தால் வட்டியில் வெட்டுவார்கள், தவிர அது உயர்தரத்துக்கும் அதற்குப் பிறகும் உள்ள காசு.

சரி, எப்படி அனுப்புவது? சீட்டுக் காசு இரண்டரை லட்சம். வைப்பின் மீது ஒன்றரை லட்சம் கடன் எடுங்கள், அதற்கு மேல் ஒரு ரூபாவும் வேண்டாம். மாதம் மிஞ்சும் 15,000 ஒரு வருடத்துக்குள் அதைத் தீர்த்துவிடும். பயணத்துக்கு 3 லட்சம் போக மீதி ஒரு லட்சம், சுமார் 240 பவுண், பதினாறு பறப்பு. தனியே ஓட்ட அது போதாது. ஐம்பது அறுபது பறப்பு பிடிக்கும், மழை பெய்தால் மாதம் முழுக்கத் தரையிலும் இருக்க நேரலாம். மிச்சத்தைத் தம்பி தன் பரிசாகக் கட்டட்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள், ஆசையைக் கிளப்பியவர் அவர்தானே!

மொத்தக் காசையும் முன்கூட்டிக் கட்ட விடாதீர்கள். முதலில் ஒரு அறிமுகப் பறப்பு. வட்டமடிக்கையில் வயிற்றைப் பிரட்டுகிற பிள்ளைகள் பலர், பிடிக்காமல் போனால் இழப்பு ஒரு நாட்காசோடு நிற்கும். பிடித்தால், தனியே ஓட்டும்வரை ஒரே கட்டணம் என்ற திட்டம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள், சில கிளப்புகளில் உண்டு.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது விலக்குப் பட்டியலை வாசியுங்கள், கிளைடரை விலக்கும் காப்புறுதிகள் நிறைய. பிறகு, கடனுக்கு வங்கிக்குப் போகிற அன்றே ஒன்று கேளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். உங்கள் வருட வருமானம் வட்டியோடு சேர்த்து 18 லட்சத்துக்கு உட்பட்டதென்றால், அந்த வரியைப் பிடிக்காமலிருப்பதற்கான உறுதிமொழிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.