ஒரு சதவீதப் பிழை எந்தப் பட்டியலுக்கு?

கேள்வி: நிறை நிறமாலைமானியில் பதிவான நிறமாலைகளை, மனிதப் புரத வரிசைகளும் அவற்றைத் தலைகீழாகத் திருப்பிய போலி வரிசைகளும் சேர்ந்த தரவுத்தளத்தில் தேடினேன். தவறான கண்டுபிடிப்பு வீதம், அதாவது எஃப்.டி.ஆர்., ஒரு சதவீதம் என்ற வரம்பில் 20,000 பொருத்தங்களும், அவற்றின் வழியாக 2,500 புரதங்களும் கிடைத்தன. தவறான புரதங்கள் 25 மட்டுமே என்று ஆய்வேட்டில் எழுதலாமா? (ஆய்வு மாணவி ஒருவர்)

பதில்: எழுதக் கூடாது. அந்த ஒரு சதவீதம் நிறமாலைக்கும் பெப்டைடுக்கும் (புரதத்தின் சிறு துண்டுக்கும்) இடையிலான பொருத்தங்களுக்கு உரியது. புரதப் பட்டியலுக்கு உரியதன்று.

தலைகீழ் வரிசை உடலில் இல்லாத ஒன்று என்பதால், அதில் போய் ஒட்டும் பொருத்தம் தவறானதே. தவறாகப் பொருந்தும் நிறமாலை உண்மை வரிசையிலும் போலி வரிசையிலும் சம வாய்ப்புடன் விழும் என்று கொண்டால், வரம்பைத் தாண்டி வந்த போலிகளின் எண்ணிக்கையே உண்மைப் பட்டியலில் ஒளிந்திருக்கும் தவறுகளின் மதிப்பீடாகிறது. உங்களுக்குப் போலிகள் 200 வந்திருக்கும். (இரு பட்டியல்களையும் கூட்டி, போலிகளை இரட்டித்து வகுக்கும் வாய்பாட்டைக் கையாள்வோரும் உண்டு, எதைக் கொண்டு கணக்கிட்டீர்கள் என்பதை ஆய்வேட்டில் குறிப்பிடுங்கள்.)

சிக்கல் இதற்கு அடுத்த படியில்தான் எழுகிறது. சரியான பொருத்தங்கள் ஒரே புரதத்தின் மேல் குவியும்; இரத்த மாதிரியென்றால் ஆல்புமினுக்கு மட்டும் நூற்றுக்கணக்கில் சேரும். தவறானவையோ தரவுத்தளத்தின் ஏறத்தாழ 20,000 புரதங்களில் திசைக்கொன்றாகச் சிதறும். அந்த 200இல் சில, மாதிரியில் மெய்யாகவே உள்ள புரதங்களின் மேல் விழுந்து தீங்கின்றிப் போகும். அவற்றைக் கழித்தாலும் தோராயமாக 175 பொய்ப் புரதங்கள் எஞ்சும். 2,500இல் அது 7 சதவீதம்.

இந்தச் சறுக்கல் மாணவர்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2014இல் நேச்சர் இதழில் மனிதப் புரதத்தொகுதியின், அதாவது உடலிலுள்ள புரதங்கள் அனைத்தின், இரண்டு வரைவுகள் வெளியானபோது, மூக்குத் திசு ஆராயப்படாமலே மணத்தை உணரும் நுகர்ச்சி ஏற்பிப் புரதங்கள் ஏராளமாக அவற்றில் இடம்பெற்றிருந்தன. விமர்சகர்கள் முதலில் கை வைத்ததும் அங்கேதான்.

ஆகவே புரத அளவிலும் எஃப்.டி.ஆரைத் தனியே கணக்கிடுங்கள். ஒவ்வொரு புரதத்தையும் அதன் தலைகீழ் வடிவத்துடன் இணையாக்கி, இரண்டில் மதிப்பெண் மிகுந்ததை மட்டும் எண்ணிக்கையில் சேர்க்கும் முறை 2015இல் வெளியானது. பெரிய தரவுகளுக்கு அதையே நான் விரும்புவேன். ஒற்றைப் பெப்டைடை நம்பி நிற்கும் புரதங்களின் நிறமாலைகளைக் கண்ணாலும் பாருங்கள். பாஸ்பேட் ஏறிய பெப்டைடுகளைத் தேடியிருந்தால், அவற்றுக்கு வரம்பைத் தனியாக வகுக்க வேண்டும். மொத்தத்தோடு கலந்தால் அங்குள்ள மிகுதியான பிழை மற்றவற்றின் நிழலில் மறைந்துவிடும்.

இவ்வளவு செய்தும் ஒரு வகைத் தவறு போலி வரிசைகளுக்கு அகப்படாது. புரத வரிசையின் எழுத்துகளான அமினோ அமிலங்களில் லியூசினும் ஐசோலியூசினும் ஒரே நிறை கொண்டவை. அந்த ஓர் எழுத்தில் மட்டும் வேறுபடும் இரு பெப்டைடுகளில் எது உங்கள் மாதிரியில் இருந்தது என்பதை வழக்கமான தேடல் பிரித்துச் சொல்லாது.