பசுமைமாறா ஹக்கிள்பெர்ரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சியாட்டில், போர்ட்லண்ட் பக்கம் தோட்டம் போடும் வாசகர்கள் அடிக்கடி விசாரிக்கும் செடி இது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து கலிபோர்னியா வரை பசிபிக் கரையோரக் காடுகளில், டக்ளஸ் ஃபிர், ரெட்வுட் போன்ற பெருமரங்களின் அடியில் தானாக வளர்கிறது. தாவரவியல் பெயர் வாக்சினியம் ஓவேட்டம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயச் சென்ற லூயிஸ்-கிளார்க் பயணக் குழு 1806 ஜனவரியில் ஓரிகன் கரையோரத்து ஃபோர்ட் கிளாட்சாப் முகாமில் இதன் கிளையை உலர்த்தி எடுத்துவந்தது. 1814-இல் தாவரவியலாளர் ஃபிரெடரிக் பர்ஷ் இதற்குப் பெயர் சூட்டினார்.

நர்சரியில் இதை நிழல் செடி என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ வெயிலில் வைத்தால்தான் காய்க்கும் என்கிறார். யார் சொல்வது சரி? இது உண்மையில் புளூபெர்ரிதானா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கும் புளூபெர்ரியும் இதுவும் வாக்சினியம் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஹக்கிள்பெர்ரி என்பது மேற்குக் கரையின் வழக்குப் பெயர், அவ்வளவுதான். கிழக்கு அமெரிக்காவில் அதே பெயரால் வழங்கும் செடி வேறு பேரினத்தைச் சேர்ந்தது. அதன் பழத்துக்குள் கடினமான பத்து விதைகள் பல்லில் இடறும்.

வெயிலா நிழலா என்பதில் இருவர் சொல்வதும் சரியே. அடர்ந்த நிழலில் இச்செடி ஒளியைத் தேடி எட்டு, பத்து அடிக்கு மேலும் உயர்ந்து, இலைகளை இடைவெளி விட்டுப் பரப்பி, அழகாக நிற்கும். ஆனால் பழம் குறைவு. வெயிலில் மூன்று, நான்கு அடியோடு நின்றுவிடும். இலை சிறுத்து நெருங்கும், தளிர்கள் தாமிர நிறமும் சிவப்புமாக மின்னும், பழமும் கூடுதலாகப் பிடிக்கும். காலை வெயில் பட்டு, பிற்பகலில் மர நிழல் விழும் இடமே என் தேர்வு. முழு வெயிலில்தான் வைக்க முடியும் என்றால், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழையில்லாத வாரங்களில் வேரடி காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், குறிப்பாக நட்ட முதல் இரண்டு கோடைகளில்.

நட்டு ஓராண்டுதான் ஆகிறது. இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. உரம் போட்டும் பயனில்லை.

நீங்கள் அனுப்பிய படத்தில் இலையை விடச் செடிக்குப் பின்னால் தெரியும் புல்தரைதான் என் கண்ணில் பட்டது. பாசியை ஒழிப்பதற்காக இப்பகுதியில் பலர் புல்தரைக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு தூவுகிறார்கள்; மழை அதைப் பக்கத்துப் பாத்திக்கும் கொண்டுசேர்க்கிறது. இச்செடிக்கு மண்ணின் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 4.5 முதல் 5.5 வரை இருப்பது நல்லது. அதற்கு மேலே ஏறினால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க இயலாது. நரம்பைத் தவிர மற்ற பகுதி மஞ்சளாவது அதனால்தான். எனவே உரத்தைக் கூட்டுவதில் பொருளில்லை. சுண்ணாம்பையும் அடுப்புச் சாம்பலையும் பாத்தியின் அருகே கொண்டுசெல்லாதீர்கள். மண்ணைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் தனிமக் கந்தகத்தைச் சிறிய அளவில் இடுங்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக மாற்றப் பல மாதங்கள் ஆகும். தழைச்சத்து தரும்போது நைட்ரேட் உரத்தை விட்டு அம்மோனியம் சல்பேட்டைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் கொஞ்சமாக.

இன்னொன்றும் உண்டு. இதன் வேர்கள் மயிரிழை போல மெல்லியவை, மண்ணின் மேற்பரப்பிலேயே படர்பவை. காட்டில் மக்கிய அடிமரக் கட்டைகளின் மேலேயே இச்செடி முளைத்திருப்பதைப் பார்க்கலாம். ஆகவே அடியில் கொத்தக் கூடாது. இரண்டு, மூன்று அங்குலத்துக்குப் பட்டைத்தூள் மூடாக்குப் போட்டால் போதும். நான் முதன்முதலில் நட்ட செடியைச் சுண்ணாம்பு கசியும் சிமென்ட் நடைபாதையை ஒட்டி, அதுவும் ஆழமாகப் புதைத்து, இரண்டு தவறுகளையும் ஒன்றாகவே செய்து முடித்தேன்.

காபிச் சக்கையைப் போட்டால் மண் அமிலமாகுமா?

ஆகாது. அமிலத்தில் பெரும்பகுதி டிகாக்ஷனோடு நம் டம்ளருக்கு வந்துவிடுகிறது. சக்கையை மக்கவைத்துப் போடுங்கள், அமிலத்தன்மைக்காகப் போடாதீர்கள்.

வேலியாக வளர்த்து ஒவ்வொரு பிப்ரவரியிலும் சீராக வெட்டுகிறேன். நான்கு ஆண்டுகளாகப் பழமே இல்லை.

முந்தைய ஆண்டு விட்ட கிளைகளில்தான் மொட்டு உருவாகிறது. பிப்ரவரி வெட்டில் அவை குப்பைக்குப் போகின்றன. கத்தரியால் மேல்மட்டமாக வெட்டுவதை நிறுத்தி, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முதிர்ந்த தண்டுகளை மட்டும் அடியோடு எடுத்துவிடுங்கள். இளஞ்சிவப்பு கலந்த வெண்மணி போன்ற பூக்கள் வசந்தத்தில் வரும். பம்பிள் தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். தனிச்செடியும் காய்க்கும் என்றாலும், இரண்டு செடிகள் அருகருகே இருந்தால் விளைச்சல் கூடும். வெட்டிய கிளைகளை எறிந்துவிடாதீர்கள். பூக்கடைகள் மலர்க்கொத்துக்கு வாங்கும் பச்சைக்கிளை இதுவே.

செப்டம்பரில் பறித்த பழம் புளிக்கிறது. அது இந்தப் பழம்தானா என்ற ஐயமும் இருக்கிறது.

பழத்தின் நுனியில் சிறு கிரீடம் போன்ற வளையமும், உள்ளே பொடிப்பொடியான பல விதைகளும் இருக்க வேண்டும். இலை தடித்து, பளபளத்து, விளிம்பில் நுண்ணிய பற்களோடு இருக்கும். உள்ளே ஒரே பெரிய கொட்டை இருந்தால் அது செர்ரி லாரல் என்ற வேலிச்செடியின் பழமாக இருக்கலாம். அதன் விதையும் இலையும் நஞ்சு. உறுதியாகத் தெரியாத எதையும் வாயில் போடாதீர்கள். புளிப்புக்கு மருந்து காத்திருப்புதான்: கறுத்தவுடன் பறிக்காமல் முதல் உறைபனி வரை விட்டால் இனிப்பு ஏறும். பழம் டிசம்பர் வரைகூடக் கிளையில் நிற்கும். பறவைகளும் அதுவரை காத்திருந்தால் நல்லது.

ஊட்டியில் என் அண்ணன் வீட்டுக்கு இங்கிருந்து ஒரு செடியை எடுத்துச்செல்லலாமா?

வேண்டாம். இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் செடியைக் கொண்டுபோக முடியாது. அந்த விதிக்குக் காரணமும் உண்டு: கலிபோர்னியாவிலும் ஓரிகனிலும் ஓக் மரங்களைச் சாகடிக்கும் ஃபைட்டோஃப்தோரா ரமோரம் என்ற நோய்க்கிருமி இச்செடியிலும் தங்கி வளரக்கூடியது. போதாக்குறைக்கு, இச்செடி பழகியது மழைக்குளிரும் வறண்ட கோடையும். நீலகிரியிலோ கோடை முடிந்ததும் பெருமழை தொடங்கிவிடும். அண்ணனை அருகிலுள்ள சோலைக்காட்டு ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வாக்சினியம் லெஷனால்டியை, வாக்சினியம் நீல்கெரன்ஸ் என்று இதே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு பசுமைமாறா உறவினங்கள் அந்த மலைகளில் இயல்பாகவே வளர்கின்றன. அவற்றின் பூவும் இதைப் போன்ற சிறு மணிதான்.