எஸ்355 தர எஃகுத் தகட்டின் மில் சான்றிதழில் (ஆலை தரும் சோதனைச் சான்று) யீல்டு, அதாவது எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு, 348 மெகாபாஸ்கல் என்று இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டுமா?

சிங்கப்பூரின் துவாஸ் பட்டறைக்கு வந்த 25 மிமீ தகடு என்கிறீர்கள். அப்படியானால் வேண்டாம், அது தேறும்.

355 மெகாபாஸ்கல் என்பது 16 மிமீ வரைக்கும்தான். ஈஎன் 10025-2 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி 16க்கு மேல் 40 மிமீ வரை குறைந்தபட்சம் 345; 63 மிமீ வரை 335. தடித்த தகடு உருளைகளில் குறைவாகவே நசுங்கும், மெதுவாகவும் ஆறும். அதனால் உள்ளே படிக மணிகள் பெரிதாகி வலிமை சற்று இறங்குகிறது.

சான்றிதழில் இருப்பது மேல் யீல்டா (எஃகு முதலில் இளகும்போது தொடும் உச்சம்), 0.2 சதவீத மதிப்பா (அந்த அளவு நிரந்தர நீட்சி தரும் தகைவு) என்று பாருங்கள். தரம் கேட்பது மேல் யீல்டு. சோதனையில் வேகமாக இழுத்தால் அது கூடுதலாகக் காட்டும். இழுவலிமை (அறுவதற்கு முன் தாங்கும் உச்சத் தகைவு) 470 முதல் 630க்குள் இருக்க வேண்டும்.

பலர் சறுக்குவது உத்தரத்தில்தான். 610×229×140 என்ற ஐ-வடிவ உத்தரத்தின் வெப் (நடுத் தகடு) 13.1 மிமீ, ஃபிளாஞ்ச் (மேல், கீழ்ப் பட்டை) 22.1 மிமீ. வளைவைத் தாங்குவது ஃபிளாஞ்ச், ஆகவே 345ஐயே எடுங்கள். சான்றிதழில் 410 வந்தாலும் அதை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. அது ஒரு மாதிரித் துண்டின் விடை, அவ்வளவே.

தொய்வு அதிகம் என்று உயர்ந்த தரத்துக்கு மாறுவது வீண் செலவு. தொய்வைத் தீர்மானிக்கும் மீள்மைக் குணகம் எல்லாத் தரத்துக்கும் ஏறக்குறைய 210 கிகாபாஸ்கல்தான். ஆழமான உத்தரம் போடுங்கள்.

சான்றிதழே இல்லாத எஃகா? சிங்கப்பூர்க் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பிசி1 வழிகாட்டி அதை மூன்றாம் வகுப்பில் தள்ளும். வடிவமைப்பு வலிமையாக 170 மெகாபாஸ்கலுக்கு மேல் எடுக்க முடியாது.