மகளை மெனுஹின் போட்டிக்குத் தயார் செய்யலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் சார்.

உங்கள் மின்னஞ்சலை முழுவதும் படித்தேன். மகளுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு, மேற்கத்திய வயலினில் ஏபிஆர்எஸ்எம் (பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியம்) கிரேடு 6 டிஸ்டிங்ஷனில் முடித்திருக்கிறாள். "இவளை மெனுஹின் போட்டிக்குத் தயார் செய்யலாம்" என்று, அதாவது இளம் வயலின் கலைஞர்களுக்கான அந்தச் சர்வதேசப் போட்டிக்கு, ஆசிரியர் சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. பள்ளியை நிறுத்தலாமா, செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் மனையை விற்று நல்ல வயலின் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மனையை விற்காதீர்கள். பள்ளியையும் நிறுத்தாதீர்கள். அதற்காக ஆசிரியர் சொன்னதை ஒதுக்கிவிடவும் வேண்டாம். போட்டியில் நுழைவது ஒன்று. அந்தப் போட்டி கேட்கும் பாடங்களை வைத்து இரண்டு வருடம் உழைப்பது இன்னொன்று. இரண்டாவதை இந்த வாரமே தொடங்கலாம். முதலாவது நடக்காமல் போனாலும் அதில் அவளுக்கு நஷ்டம் கிடையாது.

போட்டியைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டு நிறையப் பேர் பயப்படுகிறார்கள், அல்லது ஆசைப்படுகிறார்கள். புகழ்பெற்ற வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹின் 1983-இல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் தொடங்கியது இது. பிற்பாடு ஊர் ஊராக மாறியது: 2008 கார்டிஃப், 2010 ஓஸ்லோ, 2012 பெய்ஜிங், 2014 ஆஸ்டின், 2016 லண்டன், 2018 ஜெனீவா. 2020-இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் நடக்க வேண்டியது கோவிட்டால் தள்ளிப்போய் 2021-இல் ஆன்லைனில் நடந்தது. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இளையோர் பிரிவு, 22-க்கு உட்பட்டவர்களுக்கு மூத்தோர் பிரிவு. ஜெனீவாவுக்கு 300-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். இரண்டு பிரிவிலும் சேர்த்து 44 பேரைத்தான் அழைத்தார்கள். ஊர், தேதி, வயதைக் கணக்கிடும் நாள் எல்லாம் ஒவ்வொரு முறையும் மாறும். போட்டி அலுவலகம் வெளியிடும் விதிமுறையைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம், வாட்ஸ்அப்பில் வருவதை நிச்சயமாக வேண்டாம்.

தரம் எப்படி என்று நான் விவரிப்பதைவிட நீங்களே பார்ப்பது நல்லது. 2018 இளையோர் பிரிவில் முதல் பரிசைச் சிங்கப்பூரின் குளோயி சுவாவும் ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டியன் லீயும் பகிர்ந்துகொண்டார்கள். குளோயிக்கு 11 வயது, கிறிஸ்டியனுக்கு 10. இறுதிச் சுற்றில் விவால்டியின் நான்கு பருவங்களிலிருந்து அவள் குளிர்காலம் வாசித்தாள், அவன் கோடை. இரண்டும் யூடியூபில் கிடைக்கும். ஆசிரியரையும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். பார்த்து முடித்ததும் ஆசிரியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இவர்களுக்கும் இவளுக்கும் நடுவில் என்னென்ன இருக்கிறது, அதில் உங்களால் சொல்லித்தர முடிந்தது எது?" நல்ல ஆசிரியர் இதற்குக் கோபப்பட மாட்டார். "எல்லாம் சரியாகிவிடும் சார்" என்று மட்டும் பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

கிரேடு 6 டிஸ்டிங்ஷன் நல்ல விஷயம்தான், சந்தேகமில்லை. ஆனால் கிரேடு 8 முடித்த பிறகும் இந்தப் போட்டிக்கு இன்னும் தூரம் இருக்கிறது. துணை வாத்தியம் இல்லாமல் வாசிக்கும் பாக் படைப்புகள், பகனீனி எழுதிய மாதிரியான கேப்ரிஸ்கள் (தனி வயலினுக்கான கடினமான சிறு துண்டுகள்), முழு கான்செர்ட்டோ (ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு தனி வாத்தியம் வாசிப்பது), பியானோவோடு வாசிக்கும் சொனாட்டா, புதிதாக எழுதப்பட்ட ஒரு படைப்பு என்று சர்வதேசப் போட்டிகள் வாசிக்கக் கேட்கும் பட்டியல் நீளும். குளோயி நான்கு வயதில் வயலினை எடுத்தவள். படித்தது நன்யாங் நுண்கலைக் கழகத்தின் இளம் திறமையாளர் பள்ளியில். அதாவது, குழந்தைக்குப் பின்னால் ஒரு ஏற்பாடே இருந்தது. ஆசிரியர், பியானோ வாசிக்க ஆள், அரங்கம், கூட வாசிக்கும் சகவயதுப் பிள்ளைகள். சென்னையில் இதில் பாதியை நீங்களேதான் தேடிச் சேர்க்க வேண்டும்.

அதனால்தான் முதல் இலக்காக நான் சொல்வது, விண்ணப்பத்தோடு அனுப்பும் தேர்வுச் சுற்று வீடியோ. விண்ணப்பிக்கவே வேண்டாம், வீடியோ மட்டும் எடுங்கள். முன் ஆண்டுகளில் இளையோருக்குக் கொடுத்த பட்டியலை ஆசிரியர் பார்த்து, அவளால் இன்று முடிகிற இசைத் துண்டுகளை ஒரு வருடத்துக்கும், முடியாதவற்றை அடுத்த வருடத்துக்கும் பிரித்துக்கொள்ளட்டும்.

வீடியோ என்றதும் கல்யாண வீடியோக்காரரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். இந்த மாதிரிப் பதிவில் வெட்டி ஒட்டுவது கூடாது. ஒரு துண்டை எடுத்தால் முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி ஸ்வரம் வரை ஒரே ஓட்டம். கேமரா அசையக் கூடாது. இடது கை விரல்களும் வில் பிடித்த கையும் முழுக்கத் தெரிய வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், அது மைக்கில் விழும். அறையில் பியானோ இருந்தால் அதற்கு ஸ்ருதி சேர்த்து எத்தனை நாளாயிற்று என்று பாருங்கள். உடன் வாசிக்கும் பியானோக்காரர் நம் ஊரில் பெரிய பிரச்சினை. கான்செர்ட்டோவில் ஆர்கெஸ்ட்ராவின் பங்கைப் பியானோவில் வாசிப்பது எல்லோருக்கும் வராது. குறைந்தது மூன்று ஒத்திகையாவது அவரோடு நடக்க வேண்டும், அதற்கான சன்மானத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எந்தத் துண்டு என்று கேட்டால், மோட்சார்ட்டின் ஐந்தாவது வயலின் கான்செர்ட்டோவின் முதல் பகுதியைச் சொல்வேன். ஆர்கெஸ்ட்ரா வேகமாகத் தொடங்கி ஒரு கட்டம் முடிந்ததும் எல்லாம் அடங்கும். அங்கே வயலின் மெதுவான நடையில், மேலே ஏறும் ஒரு வரியோடு உள்ளே வரும். விரலுக்குக் கடினமே இல்லை, பதிமூன்று வயதுப் பிள்ளை வாசித்துவிடலாம். ஆனால் வில்லின் அழுத்தம் ஒரு இழை மாறினாலும் காதில் விழும்; ஸ்ருதி சற்றே விலகினாலும் ஒளிய இடமில்லை. வேகமான துண்டில் தப்பிக்கிற பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும். நடுவர்கள் இதைத்தான் கேட்பார்கள், வாத்திய வேகத்தை அல்ல என்பது என் அபிப்பிராயம். பின்னால் வேலை தேடும்போதும் இதே மோட்சார்ட் திரும்ப வரும், அதைக் கீழே சொல்கிறேன்.

அந்த வீடியோவை அவளுக்குப் பாடம் சொல்லித்தராத, இந்தத் துறையில் இருக்கிற ஒருவருக்கு அனுப்பிக் கருத்து கேளுங்கள். சென்னையில் கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. மும்பையில் 2006-இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவும், அதன் கலைஞர்களே சொல்லித்தரும் அகாடமியும் இருக்கின்றன. வெளிநாட்டு ஆசிரியர்களின் ஆன்லைன் வகுப்பு ஒன்றிரண்டுக்குப் பணம் கட்டினாலும் தவறில்லை. வாரம் தவறாமல் கட்ட வேண்டியதில்லை.

சரி, பள்ளி. இங்கே மெனுஹினையே எடுத்துக்கொள்ளலாம். ஏழு வயதில் மேடை ஏறியவர். 1929-இல், 13 வயது நிரம்பும் முன்பே, பெர்லினில் ஒரே இரவில் பாக், பீத்தோவன், பிராம்ஸ் மூவரின் கான்செர்ட்டோக்களையும் வாசித்தவர். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் படித்து வளர்ந்த பிள்ளை. நடு வயதுக்கு வருவதற்குள் வில் பிடிக்கும் கையே அவருக்குச் சிக்கலாகிவிட்டது. சிறு வயதில் தானாக வந்ததை வளர்ந்த பிறகு முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. 1952-இல் இந்தியா வந்தபோது பி.கே.எஸ். ஐயங்காரிடம் யோகா கற்றுக்கொண்டது இந்தப் பின்னணியில்தான். அதே மனிதர் 1963-இல் இங்கிலாந்தில் இசைப் பள்ளி தொடங்கியபோது இசையோடு வழக்கமான பாடங்களையும் சேர்த்தே வைத்தார். இதை உங்கள் வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

நடைமுறைக் காரணமும் இருக்கிறது. வெளிநாட்டில் இசைப் பட்டப்படிப்புக்குப் பொதுவாகப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் கேட்பார்கள், விசாவுக்கும் அதுதான் கைகொடுக்கும். பத்தாம் வகுப்புக்கு முன்னால் இப்போதைய பள்ளியிலேயே முதல்வரைப் பார்த்து, மதியத்துக்கு மேல் சீக்கிரம் அனுப்புவார்களா, வீட்டுப்பாடத்தில் சலுகை கிடைக்குமா என்று பேசுங்கள். ஆசிரியரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனால் பல பள்ளிகள் இறங்கி வருகின்றன. முடியாது என்றால் என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) இருக்கிறது. அதில் பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைய வேண்டும். அந்த முடிவுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதற்குள் வீடியோ என்ன சொல்கிறது என்பது தெரிந்துவிடும்.

வயலின் விஷயம் சுருக்கம். அவள் இன்னும் முக்கால் அளவில் வாசிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். முழு அளவுக்கு மாறும் முன் விலையுயர்ந்த வாத்தியம் வாங்குவதில் பொருளே இல்லை. நல்ல வில்லும் நல்ல தந்தியும் வாங்கிக் கொடுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். மிகப் பழைய இத்தாலிய வாத்தியங்கள் பெரிய போட்டிகளில் வென்றவர்களுக்கு இரவலாகத்தான் கிடைக்கின்றன, அதை யாரும் மனை விற்று வாங்குவதில்லை.

கர்நாடக சங்கீதமும் படிக்கிறாள், அதை விட்டுவிடச் சொல்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உட்காரும் நிலை, வாத்தியத்தைத் தாங்கும் விதம், தந்திகளின் ஸ்ருதி எல்லாம் வேறு. பாட்டு வகுப்பிலிருந்து வந்த கமகம் மேற்கத்திய வாசிப்பில் தெரியாமல் நுழைந்துவிடும் என்ற பயம் ஆசிரியருக்கு இருக்கலாம். வயலினில் கர்நாடகம் கற்பதை ஓரிரு வருடம் தள்ளிவைத்து, வாய்ப்பாட்டை மட்டும் தொடரச் சொல்வேன். காது கெடாது, உடம்புக்கும் சுமை குறையும்.

இனி நீங்கள் கடைசி வரியில் தயங்கித் தயங்கிக் கேட்டது: "இதில் வருமானம் இருக்கிறதா?" முதல் பரிசு யாருக்கும் வேலை தராது, கதவைத் தட்டும் உரிமையைத் தரும். ரே சென் 2008-இல் மெனுஹின் மூத்தோர் பிரிவை வென்றார், மறு வருடமே பிரஸ்ஸல்ஸில் ராணி எலிசபெத் போட்டியையும் வென்றார், இன்று உலகம் சுற்றி வாசிக்கிறார். அப்படிப்பட்டவர்களைக் கை விரல்விட்டு எண்ணலாம். இன்னொரு பக்கம், 1935-இல் வார்சாவில் நடந்த வீனியாவ்ஸ்கி வயலின் போட்டியில் 15 வயது ஜினெட் நெவ்வுக்கு முதலிடம், டேவிட் ஒய்ஸ்ட்ராகுக்கு இரண்டாமிடம். இரண்டாமிடம் வந்த ஒய்ஸ்ட்ராக்தான் அடுத்த நாற்பது ஆண்டுகளில் வயலின் உலகின் மாபெரும் பெயர்களில் ஒருவரானார். பரிசு வரிசையை வைத்து எதிர்காலத்தைக் கணிக்காதீர்கள்.

பெரும்பாலான வயலின் கலைஞர்களுக்குச் சோறு போடுவது ஆர்கெஸ்ட்ரா வேலையும் கற்பிப்பதும்தான். ஜெர்மனியில் மட்டும் பொது நிதியில் இயங்கும் ஆர்கெஸ்ட்ராக்கள் சுமார் 130. அவற்றில் இடம் காலியானால் தேர்வு வைப்பார்கள், முதல் சுற்றில் பல இடங்களில் திரை போட்டு, ஆள் யாரென்று தெரியாமல் கேட்பார்கள். வாசிக்கச் சொல்வது பெரும்பாலும் மோட்சார்ட் கான்செர்ட்டோவின் முதல் பகுதி, கூடவே ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டான் ஜுவான்' முதல் பக்கம் போன்ற ஆர்கெஸ்ட்ராப் பகுதிகள். நான் மேலே மோட்சார்ட்டைச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

படிப்புக்கும் ஜெர்மனியைத்தான் உங்கள் பட்ஜெட்டுக்கு முதலில் வைப்பேன். அரசு இசைக் கல்லூரிகளில் பல மாநிலங்களில் கல்விக் கட்டணம் இல்லை, இருந்தாலும் குறைவு. பாடன்-வுர்ட்டம்பர்க்கில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. நுழைவுத் தேர்வு கடினம், ஜெர்மன் மொழியும் வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்தே மொழியைத் தொடங்கலாம். அமெரிக்காவில் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி 1928 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை, ஆனால் எடுப்பது மிகச் சிலரை. ரே சென் 15 வயதில் போனது அங்கேதான். பிரிட்டன் கல்லூரிகளுக்கு அக்டோபர் தொடக்கத்திலேயே விண்ணப்பம் முடிந்துவிடும், நம் ஊர்க்காரர்கள் ஜனவரியில் கேட்டு ஏமாறுகிறார்கள்.

நம் ஊரில்? சினிமா ஒலிப்பதிவு முன்பு பெரிய வாய்ப்பு. கோடம்பாக்கத்தில் வயலின் வரிசையே தனியாக உட்கார்ந்திருக்கும். இப்போது பல படங்களுக்கு ஐரோப்பாவின் புடாபெஸ்ட், ஸ்கோப்யே நகர ஆர்கெஸ்ட்ராக்களில் பதிவு செய்கிறார்கள். சர்வதேசப் பள்ளிகளில் இசை ஆசிரியர் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள், அதற்குப் பட்டம் வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம். இடது தோளில் வலிக்கிறது என்று அவள் சொன்னதை நீங்கள் அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. தாடைத் தாங்கியும் தோள் தாங்கியும் அவள் கழுத்தின் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று ஆசிரியரை இந்த வகுப்பிலேயே பார்க்கச் சொல்லுங்கள். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாத்தியத்தைக் கீழே வைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள், அதுவரை சாதக நேரத்தைப் பாதியாக்குங்கள். அந்த நேரத்தில் வயலின் இல்லாமல் ஸ்வரத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு பாடிப் படிக்கலாம்.

அடுத்த முறை எழுதும்போது மூன்று விஷயம் வேண்டும்: தோள் எப்படி இருக்கிறது, பள்ளி முதல்வர் என்ன சொன்னார், அப்புறம் மோட்சார்ட் முதல் பகுதியை அவள் எப்போது வெட்டாமல் பதிவு செய்வாள் என்று ஆசிரியர் சொல்லும் மாதம். விண்ணப்பத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.