முடிவிலியில் விகடகவி

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் ஃபிபோனாச்சி சொல்லைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 'க' என்ற ஓரெழுத்தில் தொடங்கி, 'க' வருமிடத்தில் 'கம' என்றும் 'ம' வருமிடத்தில் 'க' என்றும் மாற்றிக்கொண்டே போனால், கமககமகமககமக... என்று முடிவில்லாமல் நீளும். அதில் எந்த நீளத்திலும் விகடகவி போல இரு பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் துண்டு, அதாவது மாலைமாற்று, உண்டு என்றீர்கள். எனக்கு அதில் வியப்பில்லை. முடிவே இல்லாத தொடரில் எதுவும் என்றாவது வந்துதானே தீரும்? சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம் ஒருவர் செய்தது, அதை ரசிக்கலாம். இதில் என்ன கணிதம் இருக்கிறது?

– ஒரு பள்ளி ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கமபகமபகமப என்று ஊழிக்காலம் வரை எழுதுங்கள். ஓரெழுத்தைத் தாண்டி ஒரு மாலைமாற்றும் அகப்படாது. முடிவில்லாமல் இருப்பது மட்டும் போதாது.

நீங்கள் நினைப்பது நாணயம் சுண்டி எழுதும் தொடருக்குப் பொருந்தும். அங்கே பத்தெழுத்துத் துண்டுகள் 1024-ம் வந்துவிடும். அவற்றில் 32 மாலைமாற்றுகள். ஃபிபோனாச்சி சொல்லிலோ வெவ்வேறான பத்தெழுத்துத் துண்டுகள் மொத்தமே 11தான். அதில் மாலைமாற்று ஒன்றே ஒன்று. நூறெழுத்துத் துண்டுகள் 101. மாலைமாற்று அப்போதும் ஒன்றுதான். நீளம் ஒற்றைப்படை என்றால் இரண்டு, எப்போதும் இரண்டே. தற்செயலுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது.

எங்கள் புதுச்சேரியின் கடலோரத் தெருக்களை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டம் கட்டமாக இருக்கும் அந்த வரைபடம் எல்லாப் பக்கமும் முடிவில்லாமல், சம இடைவெளியில் நீள்வதாக வைத்துக்கொள்வோம் (வாகன நெரிசலை மறந்துவிடுவோம்). குறுக்கே சாய்வாக ஒரு கோடு. வடக்கு–தெற்குத் தெருவை வெட்டினால் 'க', கிழக்கு–மேற்குத் தெருவை வெட்டினால் 'ம'. சாய்வு விகிதமுறா எண்ணாக இருந்தால் கிடைக்கும் தொடருக்கு ஸ்டர்மியன் சொல் என்று பெயர். பொன்விகிதத்துக்கு (1.618...) ஏற்ற சாய்வில் ஃபிபோனாச்சி சொல் வரும்.

இப்போது கோட்டை ஒரு கட்டத்தின் நட்டநடு வழியாகச் செலுத்துங்கள். அந்தப் புள்ளியைச் சுற்றி வரைபடத்தை அரைச்சுற்று திருப்பினாலும் தெருக்கள் அப்படியேதான் இருக்கும், கோடும் அப்படியே. ஆகவே அங்கிருந்து இரு பக்கமும் ஒரே எழுத்துகள். அதுதான் இரட்டைப்படை மாலைமாற்று. இரு சந்திப்புகளுக்கு இடையே தெருவின் நடுப்புள்ளியில் வெட்டினாலும் இதே கதை. அந்தத் தெரு 'க'வாகவும் இருக்கலாம், 'ம'வாகவும் இருக்கலாம். ஒற்றைப்படைக்கு இரண்டு வருவது அதனால்தான். செய்தவர் யாருமில்லை; சமச்சீர் செய்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது மறுதிசைத் தேற்றம். 1999-இல் ட்ரூபே, பிரில்லோ என்ற இருவர் நிரூபித்தது: ஒரு முடிவிலாத் தொடரில் இரட்டைப்படை நீளத்துக்கு ஒன்று, ஒற்றைப்படை நீளத்துக்கு இரண்டு என்று மாலைமாற்றுகள் இருந்தால், அது ஸ்டர்மியன் சொல்லாகத்தான் இருக்க முடியும். கோடும் தெருவும் கண்ணில் படாமலே, மாலைமாற்றுகளை எண்ணி மட்டும் கோடு இருப்பதைச் சொல்லிவிடலாம். 1995-இல் ஹோஃப், க்னில், சைமன் மூவரும் நீண்ட மாலைமாற்றுகளைப் பிடித்துக்கொண்டுதான் குவாசிகிரிஸ்டல் (அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தும் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வராத திடப்பொருள்) மாதிரிகளில் எலக்ட்ரானின் ஆற்றல் நிறமாலையை, அதாவது அதற்கு என்னென்ன ஆற்றல்கள் இருக்க முடியும் என்பதை, ஆராய்ந்தார்கள். அது தனிக் கட்டுரைக்கு உரியது.

உங்கள் வகுப்புக்கு ஒன்று. நீங்கள் கடிதத்தில் சொன்ன மாற்றத்தைப் படிப்படியாகச் செய்தால் (க, கம, கமக, கமககம...), 8 எழுத்து வரும் கட்டம் கமககமகமக. கடைசி இரண்டை வெட்டுங்கள்: கமககமக. அடுத்த கட்டத்தில் 13 எழுத்து. அங்கும் இரண்டை வெட்டினால் 11 எழுத்து மாலைமாற்று. எல்லாக் கட்டங்களிலும் இது நடக்கும். கணிதத் தொகுத்தறிதல் படித்த பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஏன் என்று நிரூபித்துவிடுவார்கள்.