ஓதம் ஏறிய பழைய சுவருக்குச் சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: கும்பகோணம் அருகே உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டில், கூடத்தை ஒட்டிய அறையின் சுவரில் மூன்றடி உயரம் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, ஓதத் தடுப்பு மருந்து கலந்த சிமெண்ட் பூசி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத வழி உண்டா?

பதில்: உண்டு. ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். செங்கல் மண்ணிலிருந்து உறிஞ்சும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகி வெளியேறும் வகையில்தான் அக்காலச் சுவர்கள் எழுப்பப்பட்டன. சிமெண்டும் டைல்ஸும் அந்த வழியை அடைத்துவிடுவதால், மூன்றடியில் நின்ற ஈரம் நான்கடி, ஐந்தடி என்று மேலேறும். உத்திரத்தின் முனையை எட்டினால் மரமும் உளுத்துப்போகும். ஓதத் தடுப்பு மருந்து என்று டப்பாவில் விற்கப்படுவது பூச்சுக்குள் நீர் புகாமல் தடுக்கலாமே தவிர, அஸ்திவாரத்திலிருந்து ஏறும் நீரை நிறுத்தாது.

உதிர்ந்த பூச்சை ஓதத் தடத்துக்கு ஓரடி மேல்வரை கொத்தி எடுத்து, வெண்மையாகப் பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அப்புறப்படுத்துங்கள். கழுவினால் அந்த உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போகும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை திறந்திருப்பதால், வாய்க்காலில் நீர் ஓடும் மாதங்களை விட்டுவிட்டு, மாசி, பங்குனியில் சுவரை நன்கு உலரவிடுங்கள். பிறகு ஒரு பங்கு நீர்த்த (தண்ணீர் விட்டுப் பொங்கவைத்த) சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல் சேர்த்து, இரண்டு மெல்லிய பூச்சுகளாக, முதற்பூச்சு இறுகிய பின்னரே அடுத்ததைப் பூச வேண்டும். மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் செங்கல் தூள் சேர்ப்பது ஈரச் சுவருக்கு நல்லது. மேலே சுண்ணாம்பு வெள்ளையடிப்பு போதும். எமல்ஷன் பெயிண்ட் வேண்டாம். சுற்றுச்சூழலுக்கும் இதுவே நல்லது: சுண்ணாம்புக் கல்லைச் சுடச் சுமார் 900 டிகிரி வெப்பம் போதும், சிமெண்டுக்கோ 1,450 டிகிரி தேவை. சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளவும் செய்கிறது.

ஏமாற்று வேலை நடப்பது பொருள் வாங்கும் இடத்தில்தான். 'இயற்கைச் சுண்ணாம்புப் பூச்சு' என்று மூட்டையில் வருவதில் வெள்ளைச் சிமெண்ட் கலந்திருக்கக்கூடும். பூசிய மறுநாளே கல்போல் இறுகினால் அது சுண்ணாம்பு அன்று. கற்சுண்ணாம்பாக வாங்கி உங்கள் கண்முன் நீர்க்கச் செய்யுங்கள். கொதித்துப் பொங்காவிட்டால் அது காற்றுப்பட்டுச் செத்த சரக்கு. கொதிக்கும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வை போகும் என்பதால், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். மணல் உவர்க்கிறதா என்றும் பாருங்கள். கடைக்காரரிடம் கமிஷன் பெறும் இடைத்தரகர் மூலம் எதையும் வாங்காதீர்கள். மேஸ்திரிக்குக் கூலியைத் தனியாகவும் பொருளுக்குப் பில்லைத் தனியாகவும் கொடுங்கள். பழைய தேக்குக் கதவு, நிலை, உத்திரங்களைக் 'குப்பை விலைக்கு' எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டு இதே சமயத்தில் ஒருவர் வருவார். அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தச் சுவரின் மறுபுறம் குளியலறையோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால், நான் சொன்னது எதுவும் உடனே பலிக்காது. இடைவிடாமல் நனையும் சுவரில் சுண்ணாம்பு இறுகவே இறுகாது. ஆகவே முதலில் குழாயை அடைத்து, தொட்டியைக் காலிசெய்து, சில வாரங்கள் காத்திருந்து, ஈரத்தடம் கீழிறங்குகிறதா என்று பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். இறங்கினால் அது ஓதமே அன்று, கசிவு. அப்போது குளியலறைப் பக்கத்தில் மட்டும் நீர்புகாப் பூச்சு பூசலாம். அறைப்பக்கம் அப்போதும் சுண்ணாம்புதான். இரு பக்கமும் அடைத்தால் ஈரம் நடுவில் சிறைப்பட்டுவிடும்.

தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டதா என்பதையும் பாருங்கள். பழைய பரப்பைச் சுரண்டிய பின்னரே சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலரே உத்தரவிட்டும், பல ஊர்களில் மேலே மேலே போட்டுக்கொண்டே போகிறார்கள். மழைநீர் முழுதும் திண்ணையடியில் தேங்குகிறது. அதைத் தட்டிக்கேட்கும் பொறுப்பு யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அடுத்த முறை சாலைப் பணி தொடங்கும் முன்பே எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள். அதுவரை சுவரை ஒட்டிய மண்ணை வெட்டித் தாழ்த்தி, நீர் வடிய ஒரு சிறு கால்வாய் விடுங்கள்.