கன்னம் வைத்தவனின் பிரார்த்தனை

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூத மெய்யியல் பற்றிய கட்டுரையில் ஹொக்மா, பினா, தஅத் என்று அறிவின் மூன்று ஆற்றல்களைச் சொல்லியிருந்தீர்கள். ஒரு கருத்து மனத்தில் பளிச்சிடுவது ஹொக்மா, அதை விரித்துப் புரிந்துகொள்வது பினா. புரிந்த பிறகு தஅத்துக்கு என்ன வேலை? நினைவாற்றலைத்தான் அப்படிச் சொல்கிறார்களா?

க.

அன்புள்ள க.,

நினைவாற்றல் இல்லை. நன்றாகப் புரிந்த ஒன்றும் நம்மை அசைக்காமலே போகிறதே, அது ஏன்? தஅத் பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

யூதர்களின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பழம்பெரும் தொகுப்பான தல்மூத்தின் மரபில் ஒரு திருடன் வருகிறான். கன்னம் வைத்துவிட்டு, உள்ளே நுழையும் முன் கடவுளை அழைக்கிறான். அவன் வேடம் போடவில்லை. கடவுள் இருக்கிறார், கூப்பிட்டால் கேட்பார் என்று மனதார நம்புகிறான். திருடக் கூடாது என்பது அதே கடவுளின் கட்டளை என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்த இரண்டும் அவனுக்குள் சந்திக்கவே இல்லை. ஹசிதியம் என்ற யூத ஆன்மிக இயக்கத்தின் ஆசான்கள் இவனை விடாமல் எடுத்துக்காட்டுவது அதனால்தான்.

இதைக் கூர்மையாகப் பேசியவர் லியாடி என்ற ஊரைச் சேர்ந்த ரபி ஷ்னேயூர் ஸல்மான். அவர் நிறுவிய ஹபாத் என்ற ஹசிதிய மரபின் பெயரே இம்மூன்றின் முதலெழுத்துகளால் ஆனது. 1796-இல் அச்சான அவருடைய தான்யா என்ற நூல், 3-ஆம் அத்தியாயத்தில், 'ஆதாம் ஏவாளை அறிந்தான்' என்ற ஆதியாகம வரியை (அந்த 'அறிந்தான்' எபிரேயத்தில் தஅத்தின் வேரிலிருந்தே வருகிறது) சான்றாக வைத்து, தஅத் என்பது பிணைப்பு என்கிறது. இறைவனின் பெருமையில் எண்ணத்தை இறுகப் பதித்து, விலகவிடாமல் வைத்திருப்பது. எத்தனை பெரிய ஞானியானாலும் இது இல்லையென்றால் அவனுள் உண்மையான அன்போ அச்சமோ பிறக்காது, வீண் கற்பனைகளே பிறக்கும் என்கிறார். கடுமையான கூற்றுதான், எனக்கு நியாயமாகவே படுகிறது. அதனால்தான் ஹபாத் வழியினர் தொழுகைக்கு முன் ஒரே கருத்தில் நெடுநேரம் தங்குகிறார்கள். புதிதாக எதையும் தெரிந்துகொள்வதற்காக அல்ல, ஏற்கெனவே தெரிந்தது உள்ளே இறங்குவதற்காக.

இது ஹபாத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. வேலைநாள்களில் மூன்று வேளையும் சொல்லும் அமிதா என்ற முதன்மைத் தொழுகையில், நோய் தீரவும் விளைச்சல் பெருகவும் வேண்டுவதற்கு முன்பே, முதல் வேண்டுதலாகத் தஅத்தைக் கேட்கிறார்கள். ஓய்வுநாள் முடியும் இரவில், புனிதத்தையும் அன்றாடத்தையும் பிரிக்கும் வரிகள் அந்த வேண்டுதலுக்குள்ளேயே வருகின்றன. தஅத் இல்லாமல் பிரித்தறிவது எப்படி என்று தல்மூத்தின் இரு தொகுப்புகளில் ஒன்றான எருசலேம் தல்மூத் கேட்கிறது. அந்த வேண்டுதலையும் தான்யாவின் 3-ஆம் அத்தியாயத்தையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். இரண்டுமே சிறியவை, ஆனால் வேகமாக வாசிக்க வேண்டாம்.